பாத்துப் போடுங்க

என் அக்காவைக் கண்டால் ராஜபாளையம் கடைவீதியில் சிலருக்குப் பயம். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கல்லாவில் தம்பியை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அக்கா சத்தம் போடுகிறவள் இல்லை. பொருளைக் கையில் எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், கீழே வைப்பாள். விலை என்ன என்று கேட்க மாட்டாள். "பாத்துப் போடுங்க அண்ணாச்சி" என்பாள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் இது பேரத்தின் முதல் அடி. விலையை முதலில் நீ சொல், அதை நான் எப்படி உடைக்கிறேன் பார் என்பதுதான் இதற்குப் பொருள். கடைக்காரர் விலை சொன்னதும் அக்கா சிரிப்பாள். பையை எடுத்துக்கொண்டு நடப்பாள். நாலு எட்டு வைப்பதற்குள் "இந்தாங்கம்மா, நில்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். வராமல் போனதை நான் பார்த்ததில்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவளோடு போன அந்த ஒரு நாளைத் தவிர.

எண்பதுகளின் கடைசியில் அக்கா ராமநாதபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, கிராம நர்ஸாகச் சேர்ந்து, படி ஏறி, ஐந்தாறு கிராம நர்ஸுகளை மேற்பார்வை செய்யும் இடத்துக்கு வந்திருந்தாள். அத்தானுக்கு ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். பல வருடங்களாக அவர்களுடைய குடித்தனம் அவ்வளவுதான். இரண்டு பேருமே அதைக் குறையாகச் சொன்னதில்லை.

ஒரு நாள் மில்லின் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கு சரிந்து, இறுக்கிக் கட்டிய ஒரு பஞ்சுப் பொதி, பேல் என்பார்கள், அத்தான் மேல் விழுந்தது. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. அவருடைய தங்கை உடனிருந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போனதும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த நிலைமையில் இருக்கிறவரைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். இதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் ஒரு பொதுப் பிரசவ விடுதி இருந்தது. அதை நடத்தும் நிர்வாகத்தின் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில். எந்த நிர்வாகம் என்று எழுதப் போவதில்லை. விடுதியில் மருத்துவச்சி வேலை ஒன்று காலியாக இருந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்த பதவிக்கு அது இரண்டு படி கீழே. ஊரோடு இருக்கலாம் என்பதற்காக அவள் மனுப் போட்டாள். பழைய இடத்தில் விடுவிப்பு வாங்கி வந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்று சொன்னார்கள். வாங்கிவிட்டாள். அதாவது, சம்பளம் பேசப் போவதற்கு முன்பே பழைய வேலையை விட்டிருந்தாள்.

அங்கே இருந்த வழக்கம் இது. கீழ்ப் பதவிக்கு வருகிறவரின் தொடக்கச் சம்பளத்தை அந்தப் பதவியின் அடியிலேயே வைக்கலாம். அல்லது முந்தைய சர்வீஸைக் கருதி சில இன்கிரிமென்ட் கூட்டி வைக்கலாம். இரண்டுக்கும் நிர்வாக அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் வருகிறவர் கேட்க வேண்டும், அதுவும் வேலையில் சேருவதற்கு முன்னால். சேர்ந்த பிறகு கேட்டால் கிடையாது. அந்தத் தொடக்கச் சம்பளம்தான் கடைசி வரைக்கும் கூட வரும். விடுதியில் யார் சீனியர் என்பதும் அந்த வரிசைப்படிதான்.

அத்தான் மில்லில் சங்கத்து ஆள். தீபாவளி போனஸ் பேச்சுக்கு முதலாளி முன்னால் போய் உட்காருகிறவர்களில் ஒருவர். கால் போன பிறகு அவருடைய பலம் முழுவதும் வாயில் வந்து சேர்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி அக்காவுக்குப் பாடம் எடுத்தார்.

"ஏட்டி, போயி பல்லக் காட்டிக்கிட்டு நிக்காத. எட்டு இன்கிரிமென்ட் மனசுல வச்சுக்கோ. அஞ்சுக்குக் கீழ எறங்காத. ஆனா நீயா வாயத் தொறந்து சொல்லக் கூடாது. மொதல்ல அவன் வாயில இருந்து வரட்டும்."

"எனக்குத் தெரியாதா பேரம் பேச?"

"கத்திரிக்காய்க்குப் பேசுவ. இது ஒனக்குப் பேசணும்ல." என்னிடம் திரும்பினார். "மாப்ள, நீ கூடப் போ. அவ அழுதான்னா வெளிய இழுத்துட்டு வந்துரு."

நான் அப்போது மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு ராஜபாளையம் நிருபர். போகிற வழியில் பஸ்ஸிலேயே அக்கா சொல்லிவிட்டாள்: "பேப்பர்காரன்னு அங்க காட்டிக்கிறாதடா. மெரட்டுதோம்னு நெனச்சா குடுக்குறதையும் குடுக்க மாட்டான். வாயத் தொறக்காம இரு." திறக்கவில்லை.

நிர்வாக அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. கதவு கிடையாது, அரைக்கதவுதான். வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்கும். என்னை வாசலோரம் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அக்காவுக்கு அதிகாரி எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். வேலை கேட்டு வந்த பெண்ணை அங்கே யாரும் உட்காரச் சொல்வதில்லை என்பது பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது. அக்காவுக்கு அதில் முகம் மலர்ந்துவிட்டது.

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசினார். எதிர்க்கடையிலிருந்து காபி வரவழைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கிளார்க் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரும்மா? மில்லுல அடிபட்டாருன்னு கேள்விப்பட்டேன்."

அக்கா சொன்னாள். பேல் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் போனதைச் சொன்னாள். முதுகில் சிவப்பு தட்ட ஆரம்பித்திருப்பதைச் சொன்னாள். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் நாக்கைத் தட்டினார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். நானே ஒருவரிடம் செய்தி எடுக்க வேண்டியிருந்தால் அந்த வரிசையில்தான் கேட்டிருப்பேன்.

"அப்ப நீங்க இனிமே வேற ஊருக்கு எங்கயும் போக முடியாதுன்னு சொல்லுங்க."

"எங்க சார் போக? அவியள விட்டுட்டு நகர முடியாது."

"பழைய எடத்துல திரும்பிச் சேத்துக்கிறதுக்கு வழி இருக்கா?"

"இல்ல சார். ரிலீவ் ஆயிட்டேன்ல."

"ச்ச்ச்" என்றார் அதிகாரி. காபியைக் குடித்து முடித்தார்.

நாளைக்குக் கல்யாணம் என்று ஜவுளிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பட்டுச்சேலைக்கு விலை கேட்கிறவள் இல்லை அக்கா. கடையில் அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அன்று அவளிடம் பேசியது கடைக்காரர் இல்லை, விசாரிக்கிற பெரிய மனிதர். விசாரிக்கிறவரிடம் மறைக்கக் கூடாது என்பது எங்கள் வளர்ப்பு.

"சரி. சம்பளம் எப்படி எதிர்பாக்குறீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைவீதியில் நான் பலமுறை பார்த்த முகம் அப்போதுதான் வந்தது. லேசாகச் சிரித்தாள்.

"நீங்களே பாத்துப் போடுங்க சார்."

அதிகாரி கிளார்க் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. சம்பளத்த நிர்வாகத்தோட முடிவுக்கு விட்டுட்டாங்க."

கிளார்க் எழுதினார். அக்கா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அவளுடைய கணக்கில் பேரம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் ஒன்று சொல்ல வேண்டும், அதை அவள் உடைக்க வேண்டும். அதிகாரி பேனாவை மூடினார்.

"அப்பறம்? வேற ஏதும் இருக்காம்மா?"

"இல்ல சார், எம்புட்டுன்னு..."

"மினிமத்துல போட்டுத் தொடங்குவோம். அதான் வழக்கம்."

"சார், எனக்குப் பதினாலு வருசம் சர்வீஸ். எட்டு இன்கிரிமென்ட்டாவது..."

"இப்பத்தானம்மா எங்கிட்ட விட்டீங்க? நான் பாத்துத்தான் போட்டிருக்கேன். ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பதில்தான் உண்டு. காபி வாங்கிக் கொடுத்தவரிடம், புருஷனை விசாரித்தவரிடம், பெஞ்சில் இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. "அப்படி இல்ல சார்" என்றாள் அக்கா.

பிறகு தனக்குத் தெரிந்த அடுத்த அடியை எடுத்து வைத்தாள். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். "அப்பம் வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன் சார். வாரேன்" என்றாள். நிதானமாக நடந்தாள். அரைக்கதவைத் தள்ளினாள். பெஞ்சைத் தாண்டினாள். படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஸ்டூலிலிருந்து எழுந்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

பின்னாலிருந்து குரல் வந்தது. அக்காவைக் கூப்பிடும் குரல் இல்லை, கிளார்க்கிடம் சொல்லும் குரல். "சுந்தரபாண்டியத்துல இருந்து ஒரு பொண்ணு மனுப் போட்டிருந்துச்சே, அதுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுருங்க. வியாழக்கெழம வரச் சொல்லுங்க."

அக்கா முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்தக் காலை எடுத்து மேலே வைத்தாள். திரும்பி நடந்து வந்தாள். பெஞ்சிலிருந்த ஒருவர் அவளுக்கு வழிவிடுவதற்காகக் கால்களை மடக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஜவுளிக்கடைன்னு நெனச்சுட்டா போல." பெஞ்சு முழுவதும் சிரித்தது. உள்ளே கிளார்க்கும் சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைக் கூடக் காட்டவில்லை. அக்கா நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "படியில எறங்கியிருக்கணும்டா" என்றாள். பஸ் ஊரைத் தாண்டியதும், "எறங்கிட்டு?" என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

அத்தான் கட்டிலில் தலையணையில் முதுகைச் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். நாங்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டார். "எம்புட்டு?"

"அடியில இருந்துதான்."

"இன்கிரிமென்ட்?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?" என்னைப் பார்த்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாத்துப் போடுங்க என்று அவள் சொன்னதைச் சொன்னதும் அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"மொதல்ல அவன் சொல்லட்டும்னுதான நீங்க சொன்னீக?" என்றாள் அக்கா.

"அவன் சொல்லுத வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன். சாவியக் கழட்டி அவன் கையில குடுன்னா சொன்னேன்? ஒரு மில்லுக்கே போனஸ் பேசிக் குடுத்தவன் நான். எனக்குப் போனது காலு. எம் வாயி நல்லாத்தான் இருக்கு. அதத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சிருந்தாக்கூடப் பேசியிருக்கும்."

அக்கா அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இதை நடித்துக் காட்டினார். அக்கா பையை மாட்டிக்கொண்டு நடப்பதையும் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டுவதையும், படுத்தபடியே, தோளையும் கழுத்தையும் வைத்துக்கொண்டே காட்டிவிடுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள்.

விடுதியில் மருத்துவச்சிகளில் சீனியராக இருந்தவள் ஒரு புதுப்பட்டிக்காரி. பல வருடங்களுக்கு முன்னால், பயிற்சிக்கு வந்த பெண்ணாக அக்காவிடம் ஒரு வருடம் இருந்திருக்கிறாள். அவள் முதன்முதலாகப் பிரசவம் பார்த்தது அக்காவின் பக்கத்தில் நின்றுதான். அக்கா சேர்ந்த அன்று அவள் நாற்காலியை விட்டு எழுந்து, "அக்கா, நீங்க உக்காருங்கக்கா" என்றாள். அது ஒரு மாதம் இருந்தது. அதிகாரி ஒரு நாள் சோதனைக்கு வந்து, "இங்க யாரு சீனியர்?" என்று தெரிந்தே கேட்டார். "நான்தான் சார்" என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு அக்கா என்பது சிஸ்டர் ஆனது. வருடம் திரும்புவதற்குள் "ஏம்மா, அந்தப் பஞ்சு டின்ன எடுத்து வை" என்று ஆகியிருந்தது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. சம்பள வரிசையில் ஒருவர் எங்கே நிற்கிறாரோ அங்கே வைத்துக் கூப்பிடுவது விடுதியில் எல்லோருக்கும் இருந்த பழக்கம்.

இதையெல்லாம் அக்கா பொருட்படுத்தவில்லை. அவளை வாட்டியது வேறொன்று. வரிசையில் கடைசியில் இருக்கிறவருக்குத்தான் இரவுப் பணி. அவளுக்குப் பிறகு புதிதாக யாரையும் எடுக்கவில்லை. அதனால் வருடக்கணக்கில் அவளே கடைசி. அத்தானைப் பக்கத்தில் இருந்து புரட்டிப் படுக்க வைப்பதற்காகக் கீழே இறங்கி வந்தவள், இரவு முழுவதும் மூன்று தெரு தள்ளி மற்றவர்களின் பிரசவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானைப் பார்த்துக்கொள்ள ராத்திரிக்கு ஓர் ஆளை வைத்தாள். அந்த ஆள் தூங்கிவிடுவார். நல்ல ஆளாக வைக்கச் சம்பளம் போதவில்லை. இன்கிரிமென்ட் ஐந்து கிடைத்திருந்தால் இரவுப் பணியும் இல்லை, ஆளும் தேவையில்லை. அத்தான் இதைத் தினமும் அவளிடம் சொன்னார், அது உண்மை என்பதால்.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தான் இறந்தார். முதுகுப் புண்ணில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எனக்கு முன்னால் நடந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். "நர்ஸு வீட்டுலயே படுக்கப் புண்ணு வந்து சாகுதாகன்னா பாரேன்" என்றாள் ஒருத்தி. "ராத்திரி வீட்டுல இருந்தாத்தான?" என்றாள் மற்றவள்.

மூன்றாம் நாள் வீட்டில் ஜெபம் வைத்திருந்தோம். போதகர் முடித்து, எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நிர்வாக அதிகாரி வந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன அவருக்கு. விடுதி ஆட்கள் எழுந்து நின்றார்கள். புதுப்பட்டிக்காரி ஓடிப் போய் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் அத்தான் படத்துக்கு மாலை போட்டார். அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். நாக்கைத் தட்டினார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரும்மா. நீங்களும்தான். என்ன பண்ண? இனிமே ஒங்களுக்கும் செலவு கொறையும்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார். மனதில் இருந்த ஆறுதல் அதுதான்.

அக்கா பாயிலிருந்து எழுந்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், எனக்கு அஞ்சு இன்கிரிமென்ட் வரணும்."

அதிகாரி காதில் சரியாக விழாதவர் போல முகத்தை முன்னால் நீட்டினார்.

"சேந்த நாள்ல இருந்து கணக்குப் போட்டுக் குடுத்துருங்க. எட்டு கேக்கல. அஞ்சு."

"அம்மா, இதப் பேசுற நேரமா இது?"

"எது நேரம்னு சொல்லுங்க சார். அந்த நேரத்துக்கு வாரேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். போதகரைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை, அக்காவுக்கும் வரவில்லை. எழுந்து படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை. அது அன்று அவருக்கு வசதியாக இருந்தது. செருப்பை வாசலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு வீட்டுக்குள் பேச்சு கிளம்பியது. அத்தானின் தங்கைதான் முதலில் சொன்னாள். "அண்ணன அடக்கம் பண்ணுன மண்ணு காயல. சம்பளம் கேக்கா பாரு." புதுப்பட்டிக்காரி, "அவங்களுக்கு அழுகையே வரலைல்ல?" என்றாள். இரண்டும் அக்காவுக்குக் கேட்கும்படியே சொல்லப்பட்டன. போதகர் தொண்டையைச் செருமி இன்னொரு பாட்டைத் தொடங்கினார்.

எல்லோரும் போன பிறகு நான் அக்காவிடம் கேட்டேன், இத்தனை வருடம் இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் என்று.

"அன்னைக்கு நான் அவரு எடத்துக்குப் போயி நின்னேன். இன்னைக்கு அவரு எங்கிட்ட வந்தாரு" என்றாள். "அதோட, இப்பம் என்னய எதச் சொல்லி மெரட்டுவாரு?"

மிரட்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சேர்ந்த பிறகு கேட்கும் கோரிக்கையைப் பரிசீலிக்க விதியில் இடமில்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. துக்க விடுப்பு முடிந்து அக்கா விடுதிக்குப் போனாள். அந்த வாரமும் இரவுப் பணி அவளுக்குத்தான் போட்டிருந்தார்கள்.